அமெரிக்கப் புறநகரில் வீடு வாடகைக்கு எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நல்ல பள்ளிக்கூடம், அகலமான தெரு, வாசலில் புல்தரை, இரண்டு கார் நிற்கிற கராஜ். அமெரிக்காவில் நகரத்தை விட்டுத் தள்ளியிருக்கும் இப்படிப்பட்ட வசதியான பகுதிகளில் வீடு தேடும் நம் குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. டெக்சஸில் ஃபிரிஸ்கோ, நியூ ஜெர்சியில் வெஸ்ட் வின்ட்சர், இல்லினாயில் நேப்பர்வில், கலிஃபோர்னியாவில் கூப்பர்டினோ என்று ஊர் மாறினாலும் கேள்விகள் அதிகம் மாறுவதில்லை. வேலைக்குப் போகிறவரின் அலுவலகத்தை நடுவில் வைத்துத்தான் எல்லாரும் வீடு தேடுகிறார்கள். பகல் முழுக்க அந்த வீட்டில் இருக்கப்போகிறவரை வைத்துத் தேட வேண்டும் என்பது என் கருத்து. அவர் வண்டி ஓட்டாதவர் என்றால் கட்டாயம் அப்படித்தான் தேட வேண்டும். கீழே உள்ள பதில்களில் பலவும் அதை ஒட்டியே இருக்கும்.

இந்த ஊர்களில் கார் இல்லாமல் ஏன் ஒரு வேலையும் நடப்பதில்லை?

வீடு இருக்கும் இடத்தில் கடை கூடாது, கடை இருக்கும் இடத்தில் வீடு கூடாது என்று நிலத்தைப் பிரித்து வைக்கும் ஸோனிங் விதிகள்தான் முதல் காரணம். ஒஹையோவில் கிளீவ்லாந்துக்குப் பக்கத்தில் இருக்கும் யூக்ளிட் என்ற ஊரின் வழக்கில், இப்படிப் பிரிக்க ஊர் நிர்வாகத்துக்கு உரிமை உண்டு என்று 1926-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1947-ல் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் லெவிட்டவுன் எழுந்தபோது, ஒரே மாதிரியான தனி வீடுகளை ஆயிரக்கணக்கில் வரிசையாகக் கட்டும் முறை நாடெங்கும் பரவ வழி பிறந்தது. 1956-ல் அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட நெடுஞ்சாலைச் சட்டம் 41,000 மைல் சாலைக்குப் பணம் ஒதுக்கியது. அதற்கு அப்புறம் வேலை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம், கடை இன்னொரு பக்கம் என்று ஆகிவிட்டது.

இந்த வரலாறு உங்களுக்கு எதற்கு என்றால், "புது ஏரியாதானே, போகப் போக பஸ் வந்துவிடும், பக்கத்திலேயே கடை வந்துவிடும்" என்று நம்பி வீடு எடுப்பவர்கள் இருக்கிறார்கள். கடையைச் சட்டமே தள்ளி வைத்திருக்கிற இடத்தில் ஒரு வருட லீஸுக்குள் எதுவும் மாறாது. இன்று எப்படி இருக்கிறதோ அப்படியேதான் இருக்கும் என்று எண்ணி முடிவெடுங்கள்.

ஒரே ஒரு கார் இருந்தால் போதுமா?

வேலைக்குப் போகிறவர் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டால், காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை வீட்டில் இருப்பவர் கையில் ஒன்றும் இல்லை. குழந்தைக்குப் பள்ளியில் காய்ச்சல் வந்தால் நர்ஸ் அறையிலிருந்து போன் வரும், உடனே வந்து அழைத்துப் போகச் சொல்வார்கள். அந்த நேரத்தில் ஊபர் தேடிக்கொண்டிருக்கும் நிலைமை வேண்டாம். அதனால் இப்படிப்பட்ட இடத்துக்குப் போவதென்றால் இரண்டு காருக்குக் கணக்குப் போடுங்கள். முடியாது என்றால் ரயில் நிலையத்துக்கோ பள்ளிக்கோ கடைக்கோ நடந்து போகக்கூடிய தூரத்தில், கொஞ்சம் சின்ன வீடாகவே இருந்தாலும் பரவாயில்லை என்று பாருங்கள்.

வாடகையோடு கார்ச் செலவையும் கூட்டினால்தான் உண்மையான வாடகை தெரியும். அமெரிக்க வருமான வரித்துறை 2025-க்கு அறிவித்த தொழில்முறைப் பயணக் கணக்கு மைலுக்கு 70 சென்ட். பெட்ரோல், இன்ஷூரன்ஸ், தேய்மானம், ரிப்பேர் எல்லாம் அதில் அடக்கம். அலுவலகம் 25 மைலில் என்றால் போக வர 50 மைல், மாதம் 20 நாளுக்கு 1,000 மைல், ஆக 700 டாலர். அதே அலுவலகத்துக்கு 8 மைலில் வீடு கிடைத்தால் மாதம் 320 மைல், 224 டாலர். வித்தியாசம் 476 டாலர். தூரத்து வீட்டின் வாடகை 300 டாலர் குறைவு என்று சந்தோஷப்பட்டால், உண்மையில் மாதம் 176 டாலர் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். தினமும் சாலையில் போகும் நேரம் இதில் சேரவில்லை.

புதிதாக வந்தவர்களுக்கு இன்னொன்று. அமெரிக்காவில் வண்டி ஓட்டிய வரலாறு இல்லையென்றால் கார் இன்ஷூரன்ஸ் பிரீமியம் பெரும்பாலும் எகிறித்தான் இருக்கும். லீஸில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே, அந்த வீட்டின் ஜிப் கோடைக் கொடுத்து இரண்டு மூன்று கம்பெனிகளில் விலை கேட்டுவிடுங்கள். ஜிப் கோடு மாறினாலே தொகை மாறும்.

மேப்பில் பார்த்தால் கடை 0.6 மைல்தான். நடந்து போக முடியாதா?

மேப் காட்டுவது தூரம். அந்த வழியில் மனிதன் நடக்க முடியுமா என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

அப்படி ஒரு வழியை நினைத்துப் பாருங்கள். கடையின் கூரை மாடி ஜன்னலிலிருந்தே தெரிகிறது. ஆனால் சப்டிவிஷனை, அதாவது ஒன்றாகத் திட்டமிட்டுக் கட்டிய குடியிருப்பை, சுற்றி மதில், வெளியே வர ஒரே வாசல். அதுவரை சுற்றிப் போக வேண்டும். வெளியே வந்தால் சைட்வாக் நன்றாகத்தான் தொடங்குகிறது. காலி மனை வந்ததும் புல்லில் போய் முடிந்துவிடுகிறது. ஸ்ட்ரோலரின் முன் சக்கரம் ஈரப் புல்லில் இறங்கி நிற்கிறது, தூக்கித்தான் கடக்க வேண்டும். அதைத் தாண்டினால் ஆறு லேன் சாலை, 45 மைல் வேகம் என்று போர்டு. கம்பத்தில் இருக்கும் பட்டனை அழுத்திவிட்டு வெயிலில் காத்திருந்தால் நடக்கும் ஆள் உருவம் எரிகிறது. மூன்றாவது லேனைத் தொடுவதற்குள் சிவப்புக் கை மின்னி எண்கள் இறங்க ஆரம்பிக்கின்றன. வலது பக்கம் திரும்பும் கார்களோ இடது பக்கம் வரும் வண்டியைத்தான் பார்க்கின்றன, உங்களைப் பார்ப்பதில்லை. பால் கேலனைத் தூக்கிக்கொண்டு இதே வழியில் திரும்பியும் வர வேண்டும்.

வாக் ஸ்கோர் என்று 100-க்கு மதிப்பெண் போடும் தளம் இருக்கிறது. 50-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலான வேலைகளுக்குக் கார் வேண்டும் என்று அர்த்தம். முதல் வடிகட்டலுக்கு அதை வைத்துக்கொள்ளலாம். அந்த மதிப்பெண் முக்கியமாக எது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதை வைத்து வருவது. புல்லில் முடியும் சைட்வாக்கை அதில் பார்க்க முடியாது. வீடு பார்க்கப் போகும் நாளில், பகலில் வீட்டில் இருக்கப்போகிறவரே வாசலிலிருந்து கடைவரை ஒருமுறை நடந்து பார்க்கட்டும். அவர் இன்னும் ஊரிலிருந்து வரவில்லை என்றால், நடந்துகொண்டே அவருக்கு வீடியோ காலில் காட்டுங்கள்.

வீட்டில் ஒருவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. என்ன செய்யலாம்?

கற்றுக்கொள்வதை வந்து ஆறு மாதம் கழித்து என்று தள்ளிப்போடாதீர்கள். கலிஃபோர்னியாவில் குடியேறினால் 10 நாளுக்குள் அந்த மாநில லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்பது விதி. நியூ ஜெர்சியில் 60 நாள், டெக்சஸில் 90 நாள். எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்குத் தரும் எச்-4 போன்ற விசாவில் இருப்பவர்களும் லைசென்ஸ் எடுக்கலாம். ஆனால் அது பொதுவாகத் தங்க அனுமதித்த தேதியோடு முடியும், விசா நீட்டிப்பு தாமதமானால் லைசென்ஸும் சேர்ந்து நிற்கும். அதையும் காலண்டரில் குறித்து வையுங்கள்.

லைசென்ஸ் வரும்வரை எங்கே இருப்பது என்று கேட்டால், முதல் வருடம் அப்பார்ட்மென்ட்டில் இருங்கள் என்பேன். கீழே இறங்கினால் நாலு பேரைப் பார்க்கலாம், பூங்கா காம்பவுண்டுக்குள்ளேயே இருக்கும், குழந்தைக்கு விளையாட ஆள் கிடைக்கும். தனி வீடுகள் நிறைந்த தெருவில் பகல் இரண்டு மணிக்குப் போய் நின்று பாருங்கள். குப்பை வண்டியும் டெலிவரி வேனும் தவிர எதுவும் நகராது. பழகிய ஊரையும் வேலையையும் விட்டுவிட்டு வந்த ஒருவர் அந்த அமைதியில் மாதக்கணக்கில் தனியாக இருப்பது லேசான விஷயம் இல்லை. பெரிய வீடு இதை ஈடு செய்யாது.

அப்பா அம்மா வந்து தங்குவார்கள் என்றால் அவர்களுக்கும் இதேதான். தரைத்தளத்தில் ஒரு படுக்கையறையும் குளியலறையும், வாசலிலிருந்து தொடர்ச்சியான நடைபாதை, நடந்து போகும் தூரத்தில் ஒரு பூங்கா பெஞ்ச், இந்த மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். மாற்றுத்திறனாளிகளை வாசலுக்கே வந்து ஏற்றிப்போகும் பாராட்ரான்ஸிட் சேவை உண்டு. ஆனால் வழக்கமான பஸ் தடத்திலிருந்து முக்கால் மைலுக்குள் இருப்பவர்களுக்குத்தான் கூட்டாட்சிச் சட்டம் அதைக் கட்டாயமாக்குகிறது. பஸ்ஸே வராத புறநகரில் அந்தச் சேவையும் இல்லாமல் போகலாம். உதாரணத்துக்கு, டாலஸ் பகுதியின் பொதுப் போக்குவரத்து அமைப்பான டார்ட்டில் ஃபிரிஸ்கோ உறுப்பினர் இல்லை.

நல்ல பள்ளிக்காகத்தான் போகிறோம். முகவரி அந்தப் பள்ளிக்கு உட்பட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முகவரியில் இருக்கும் ஊர்ப் பெயரை நம்பவே நம்பாதீர்கள். அது தபால்துறை வைத்த பெயர். ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பான பள்ளி மாவட்டத்தின் எல்லை வேறு. ஃபிரிஸ்கோ பள்ளி மாவட்டம் பிளேனோ, மெக்கின்னி ஆகிய ஊர்களின் சில பகுதிகளையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. அதேசமயம் ஃபிரிஸ்கோ ஊருக்குள்ளேயே சில தெருக்கள் பிராஸ்பர், லூயிஸ்வில் மாவட்டங்களில் வருகின்றன. நேப்பர்வில்லை 203, 204 என்று இரண்டு முக்கிய மாவட்டங்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. சான் ஹோஸே முகவரி வைத்துக்கொண்டு கூப்பர்டினோ தொடக்கப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பிரின்ஸ்டன் என்று முகவரி இருக்கும் வீடு வெஸ்ட் வின்ட்சர்-பிளெயின்ஸ்பரோ மாவட்டத்தில் இருக்கலாம்.

மாவட்டம் சரியாக இருந்தாலும் எந்தப் பள்ளி என்பது இன்னொரு கேள்வி. வீட்டு விளம்பரத்தில் போட்டிருக்கும் பள்ளிப் பெயர் பழையதாக இருக்கலாம். மாவட்டத்தின் இணையதளத்தில் முகவரியைப் போட்டுப் பாருங்கள், அப்புறம் மாவட்ட அலுவலகத்துக்கு போன் செய்து இரண்டு விஷயம் கேளுங்கள்: அடுத்த கல்வியாண்டில் எல்லை மாறப்போகிறதா, அந்தப் பள்ளி நிரம்பிவிட்டதா. நிரம்பியிருந்தால் புதிதாக வரும் பிள்ளையை வேறு பள்ளிக்கு அனுப்பும் மாவட்டங்கள் உண்டு. வேகமாக வளரும் ஊர்களில் புதுப் பள்ளி திறக்கும்போதெல்லாம் எல்லைக்கோடு நகரும்.

பள்ளி பஸ் வாசலுக்கு வருமா?

மாநிலத்தைப் பொறுத்தது. நியூ ஜெர்சியில் எட்டாம் வகுப்புவரை 2 மைலுக்கு மேல், அதற்கு மேல் வகுப்புகளுக்கு 2.5 மைலுக்கு மேல் இருந்தால் பஸ் விட வேண்டியது மாவட்டத்தின் கடமை. கலிஃபோர்னியாவில் பொதுவாக அப்படிக் கடமை இல்லை; பல இடங்களில் பஸ்ஸே கிடையாது. 1.9 மைலில் வீடு கிடைத்தால் பஸ்ஸும் கிடைக்காமல், நடக்கவும் முடியாமல், தினமும் இரண்டு வேளை கார் வரிசையில் நிற்கும்படி ஆகலாம். இது வண்டி ஓட்டாதவர் தனியாகச் சமாளிக்க முடியாத வேலை. மாவட்டத்தின் போக்குவரத்து அலுவலகத்தில் முகவரியைச் சொல்லி, பஸ் எந்த முனையில் நிற்கும் என்றுவரை கேட்டுவிடுங்கள்.

எவ்வளவு சம்பளம் இருந்தால் எவ்வளவு வாடகைக்கு விடுவார்கள்?

மாத வருமானம் வாடகையைப் போல மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்று பல ஓனர்களும் நிர்வாகக் கம்பெனிகளும் எதிர்பார்க்கிறார்கள். பிடித்தம் போவதற்கு முந்தைய சம்பளத்தைத்தான் பார்ப்பார்கள். அவர்கள் சம்மதித்துவிட்டார்கள் என்பதற்காக அந்த வாடகை உங்களுக்குக் கட்டுப்படியாகும் என்று அர்த்தம் இல்லை. இரண்டாவது கார், பெரிய வீட்டின் கரன்ட், கேஸ், தண்ணீர் பில், புல்வெளிப் பராமரிப்பு எதுவும் அவர்கள் கணக்கில் வராது.

கிரெடிட் ஸ்கோர் இன்னும் உருவாகவில்லை. வீடு கிடைக்குமா?

கிடைக்கும். கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்பதற்குப் போடும் மதிப்பெண்ணான ஃபைகோ ஸ்கோர் 300-லிருந்து 850 வரை போகும், புதிதாக வந்தவர்களுக்கு எண்ணே இருக்காது. பெரிய நிறுவனங்களின் கணினி உங்களை உடனே நிராகரித்துவிடலாம். ஒன்றிரண்டு வீடு மட்டும் வைத்திருக்கும் தனி ஓனரிடம் ஆளாகப் பேசினால் வழி பிறக்கும். வேலை நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, வங்கி இருப்பு, முந்தைய ஓனரின் கடிதம் ஆகியவற்றை ஒரே கோப்பாக வைத்து, முதல் சந்திப்பிலேயே கொடுங்கள். உங்கள் கம்பெனியின் இடமாற்றப் பிரிவு ஓனரிடம் பேசித் தருமா என்றும் கேளுங்கள்.

கிரெடிட் அறிக்கையைக் காரணம் காட்டி நிராகரித்தால், எந்த நிறுவனத்தின் அறிக்கை என்பதைத் தெரிவிக்க வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது. அந்த அறிக்கையை 60 நாளுக்குள் இலவசமாகக் கேட்டு வாங்கலாம், தவறு இருந்தால் திருத்தலாம். நம் பெயர்களில் முதல் பெயர், கடைசிப் பெயர் இடம் மாறி வேறொருவர் கணக்கோடு கலந்துபோவது உண்டு, வாங்கிப் பார்ப்பது நல்லது.

டெபாசிட் எவ்வளவு கேட்கலாம்?

நியூயார்க்கில் ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. நியூ ஜெர்சியில் ஒன்றரை மாதம். கலிஃபோர்னியாவில் 2024 ஜூலை 1 முதல் ஒரு மாதம்; மிகச் சில வீடுகள் மட்டுமே வைத்திருக்கும் சிறிய ஓனர்கள் இரண்டு மாதம்வரை கேட்கலாம். டெக்சஸில் மாநில அளவில் வரம்பு இல்லை.

தனி வீடா, டவுன்ஹவுஸா?

தனி வீட்டில் புல் வெட்டுவது, இலை அள்ளுவது, பனி ஒதுக்குவது பெரும்பாலும் வாடகைதாரர் தலையில்தான் விழும். பனி பெய்யும் ஊர்களில் வீட்டு முன்னால் உள்ள சைட்வாக்கை இத்தனை மணி நேரத்துக்குள் சுத்தம் செய்ய வேண்டும் என்று ஊர் விதி இருப்பது சகஜம். டவுன்ஹவுஸ் என்பது பக்கத்து வீட்டோடு ஒட்டிக் கட்டிய வரிசை வீடு; அதில் வெளிவேலை பெரும்பாலும் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் பொறுப்பு, சுவர் மட்டும் பொது. முதல் வாடகை வீட்டுக்கு டவுன்ஹவுஸே பொருத்தம் என்று நினைக்கிறேன். பெரும்பாலும் அவை கடைகளுக்கும் பிரதான சாலைக்கும் கிட்டத்தில் இருக்கும் என்பதும் ஒரு காரணம்.

எச்.ஓ.ஏ. என்கிறார்களே, அது ஓனர் பிரச்சினைதானே?

வீட்டு உரிமையாளர் சங்கத்துக்குச் சந்தா கட்டுவது பொதுவாக ஓனர். விதிகளை மீறினால் வரும் அபராதம், லீஸில் எழுதியிருந்தால், உங்களிடம் வந்து நிற்கும். குப்பைத் தொட்டியை எடுக்கும் நாளுக்கு முன்பே வெளியில் வைப்பது, கொல்லையில் கொடி கட்டித் துணி காயப்போடுவது, டிரைவ்வேயில் வேனை நிறுத்துவது, கராஜ் கதவைத் திறந்தே வைப்பது எல்லாம் சங்கத்தின் கடிதத்துக்குக் காரணமாகலாம். துணிக்கொடிக்கு மட்டும் கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களில் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. விதிப் புத்தகத்தை லீஸுக்கு முன்பே கேட்டு வாங்கிப் படியுங்கள். நீச்சல் குளம், கிளப்ஹவுஸ் வாடகைதாரருக்கும் உண்டா, அதற்குச் சாவி அட்டை யார் தருவார் என்றும் அப்போதே கேளுங்கள். இரவில் தெருவில் கார் நிறுத்தலாமா என்பது சங்க விதியிலும் இருக்கலாம், ஊர் விதியிலும் இருக்கலாம். இரண்டு காரும் விருந்தாளி காரும் வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது சின்ன விஷயம் இல்லை.

லீஸில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

முழுதாகப் படிக்க வேண்டும், இணைப்புப் பக்கங்களையும் சேர்த்து. அதில் நான்கு இடங்களில் நின்று படியுங்கள்.

ஒன்று, பாதியில் வெளியேறும் விதி. எச்-1பி விசாவில் வேலை போனால், வேறு வேலை தேடவோ நாட்டை விட்டுக் கிளம்பவோ அதிகபட்சம் 60 நாள்தான் கிடைக்கும். உங்கள் லீஸ் இன்னும் எட்டு மாதம் பாக்கி என்றால் என்ன ஆகும்? டெக்சஸ், கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களில் வீட்டை வேறு ஆளுக்கு விட ஓனர் நியாயமான முயற்சி எடுத்தாக வேண்டும், சும்மா இருந்துகொண்டு உங்களிடம் முழு வாடகையும் கேட்க முடியாது. இருந்தாலும் இன்னொருவர் வரும்வரை பணம் போகும். "வேலை இழந்தால் 60 நாள் நோட்டீஸோடு இத்தனை கட்டணம் கட்டி விலகலாம்" என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி, கையெழுத்துக்கு முன்னால் கேளுங்கள். அதற்கு அப்புறம் கேட்டால் பயன் இல்லை. கேட்கக் கூச்சப்படவும் தேவையில்லை, இது வழக்கமான பேச்சுதான்.

இரண்டு, விருந்தாளி விதி. தொடர்ந்து இத்தனை நாளுக்கு மேல் தங்குபவரை லீஸில் சேர்க்க வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். பெற்றோர் வந்து மாதக்கணக்கில் தங்குவது இதில் மீறலாகிவிடும். முன்கூட்டியே சொல்லி, ஓனரின் சம்மதத்தை ஈமெயிலில் வாங்கி வையுங்கள்.

மூன்று, ரிப்பேர். ஏசி, ஹீட்டர், பிரிட்ஜ், வாஷர், டிரையர், தண்ணீர் ஹீட்டர் ஒவ்வொன்றும் கெட்டால் யார் செலவு? முதல் 100 டாலர், 150 டாலர் வாடகைதாரர் தர வேண்டும் என்று எழுதும் லீஸ்கள் உண்டு. ஏசி ஃபில்டர் மாற்றுவது பெரும்பாலும் உங்கள் பொறுப்பாக இருக்கும். மாற்றாமல் விட்டால் ஏசி பழுதுக்கு உங்களைக் கைகாட்டுவார்கள், அதனால் மாற்றும்போதெல்லாம் தேதியோடு ஒரு போட்டோ எடுங்கள்.

நான்கு, விற்பனை. ஓனர் வீட்டை விற்றாலும் நடப்பு லீஸ் பொதுவாகப் புது ஓனரையும் கட்டுப்படுத்தும். விற்றால் லீஸை முடிக்கலாம் என்று தனியாக ஒரு வரி ஒளிந்திருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். பள்ளி ஆண்டின் நடுவில் வீடு மாறுவது குடும்பத்தையே உலுக்கிவிடும், அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள்.

வீட்டுத் தரகரான ரியல்டரிடம் "நம்மவர்கள் அதிகம் இருக்கும் ஏரியாவா?" என்று கேட்டால் பதில் சொல்ல மறுக்கிறார். ஏன்?

சட்டம் அவரைத் தடுக்கிறது, அவர் மறுப்பது சரிதான். லெவிட்டவுன் வீடுகளின் ஆரம்பகால ஒப்பந்தங்களிலேயே வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது என்று எழுதி வைத்திருந்தார்கள். இப்படிப்பட்ட ஒதுக்கலை ஒழிக்கத்தான் 1968-ல் நியாயமான வீட்டுவசதிச் சட்டம் வந்தது. இனம், நிறம், மதம், பூர்விக நாடு பார்த்து வீடு மறுப்பதும், "உங்களுக்கு அந்தப் பக்கம்தான் சரிப்படும்" என்று ஆட்களைப் பார்த்து ஏரியாவைத் திருப்பி விடுவதும் சட்டமீறல். 1974-ல் பாலினமும், 1988-ல் மாற்றுத்திறனும், குழந்தைகள் இருக்கும் குடும்பம் என்பதும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன.

அந்தச் சட்டம் உங்களையும் காக்கிறது. "குழந்தைகள் இருக்கிறார்களா, அப்படியென்றால் வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால், முதியோருக்கென்று ஒதுக்கிய குடியிருப்பு போன்ற சில விதிவிலக்குகள் தவிர, அது சட்டமீறல். மத்திய வீட்டுவசதித் துறையான ஹட்டில் ஒரு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். நம்மவர்கள் இருக்கிறார்களா என்பதை ரியல்டரிடம் கேட்காமல், சனிக்கிழமை மாலை பூங்காவுக்கும் நூலகத்துக்கும் போய் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஆன்லைனில் பார்த்த வீடு, ஓனர் வெளிநாட்டில் இருக்கிறாராம், முன்பணம் அனுப்பச் சொல்கிறார். அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள். விற்பனைக்கு இருக்கும் வீட்டின் படங்களை எடுத்து, குறைந்த வாடகைக்குப் போலி விளம்பரம் போடுவது பழைய மோசடி. வயர் டிரான்ஸ்ஃபர், கிஃப்ட் கார்டு என்று கேட்டால் சந்தேகமே வேண்டாம். சொத்து வரி மதிப்பிடும் மாவட்ட அலுவலகத்தின் தளத்தில் முகவரியைப் போட்டால் பல இடங்களில் உண்மையான ஓனர் பெயர் தெரியும். அந்தப் பெயரும் லீஸில் இருக்கும் பெயரும் ஒத்துப்போக வேண்டும், அல்லது ஏன் மாறியிருக்கிறது என்பதற்குக் காகிதம் வேண்டும். இன்னும் ஊரிலிருந்து கிளம்பவில்லை என்றால் முதல் மாதத்துக்கு ஹோட்டலோ குறுகியகால வாடகையோ எடுத்துக்கொண்டு, வந்து பார்த்த பிறகு லீஸ் போடுங்கள்.

வாடகைதாரர் இன்ஷூரன்ஸ் தேவையா?

தேவை. ஓனரின் இன்ஷூரன்ஸ் கட்டடத்துக்குத்தான், உங்கள் பொருள்களுக்கு இல்லை. உங்களால் அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கும் இது உதவும். வெள்ளச் சேதம் பொதுவாக இதில் சேராது.

சாவி வாங்கிய நாளில் என்ன செய்ய வேண்டும்?

சாமான் இறக்குவதற்கு முன்னால் வெறும் வீட்டை வீடியோ எடுங்கள். கார்பெட் கறை, சுவர்க் கீறல், கராஜ் தரையில் எண்ணெய்த் திட்டு, அடுப்பின் உள்பக்கம், ஜன்னல் வலை, பாத்டப்பின் ஓரம் எல்லாவற்றையும் கிட்டத்தில் காட்டி, எந்த அறை என்று சொல்லிக்கொண்டே போங்கள். அன்றைக்கே ஓனருக்கு ஈமெயிலில் அனுப்புங்கள். அப்புறம் எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து பாருங்கள், கழிப்பறைகளில் தண்ணீர் இறங்குகிறதா பாருங்கள், புகை எச்சரிக்கைக் கருவியின் பட்டனை அழுத்திப் பாருங்கள். 1978-க்கு முன் கட்டிய வீடு என்றால் ஈயப் பெயின்ட் பற்றிய அறிவிப்பை லீஸுக்கு முன்பே தந்திருக்க வேண்டும். சின்னக் குழந்தை இருந்தால் அதைக் கேட்காமல் விடாதீர்கள்.

முக்கியமாக, வீட்டுக்குத் தண்ணீர் வரும் மெயின் வால்வ் எங்கே இருக்கிறது, அதை எப்படி மூடுவது என்று பகலில் வீட்டில் இருப்பவருக்குக் காட்டுங்கள். 2021 பிப்ரவரியில் டெக்சஸில் வந்த பனிப்புயலில் வீடு வீடாகக் குழாய்கள் உறைந்து வெடித்தன. கடுங்குளிர் எச்சரிக்கை வந்தால் குழாயைச் சொட்டச் சொட்டத் திறந்து வைத்து, சிங்க் அடியில் உள்ள அலமாரிக் கதவையும் திறந்து விட வேண்டும். வெடித்துவிட்டால் ஆள் வரக் காத்திருக்க நேரம் இருக்காது, வால்வை மூடத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் போதும்.

காலி செய்யும்போது டெபாசிட்டை எப்படித் திரும்ப வாங்குவது?

லீஸில் சொன்னபடி 30 நாளோ 60 நாளோ முன்னால் எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். நோட்டீஸ் தராமல் இருந்தால் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் லீஸ்களும் உண்டு. கலிஃபோர்னியாவில் காலி செய்வதற்கு முன்பே ஒரு முன்பார்வை கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஓனர் சொல்லும் குறைகளை நீங்களே சரிசெய்துவிடலாம். புழக்கத்தால் வரும் சாதாரணத் தேய்மானத்துக்குப் பிடித்தம் செய்யக் கூடாது. நடந்து நடந்து மங்கிய கார்பெட் தேய்மானம், இஸ்திரிப்பெட்டி சுட்ட கார்பெட் சேதம்.

பணம் திரும்ப வர வேண்டிய கெடு நியூயார்க்கில் 14 நாள், கலிஃபோர்னியாவில் 21 நாள், நியூ ஜெர்சியிலும் டெக்சஸிலும் 30 நாள். பிடித்தம் செய்தால் எதற்கு எவ்வளவு என்று பட்டியல் தர வேண்டும். டெக்சஸில் இருப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: உங்கள் புது முகவரியை எழுத்தில் கொடுக்கும்வரை ஓனர் பணத்தை அனுப்பவோ பட்டியல் தரவோ கடமைப்பட்டவர் இல்லை. சாவியை ஒப்படைக்கும் அதே நாளில் அந்த முகவரியையும் எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்கு ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.